எலுமிச்சை வாசனைக் கிரீம்

மே 12, திங்கள்
காலை ஏழுக்கே ஆம்பூரில் நெருப்பு வெயில். கம்பெனிக்கு லீவு. வேலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட். இன்றைக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்.

தோல் டாக்டர் சின்ன வயதுப் பெண். என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கில் வெடிப்பு, மணிக்கட்டில் நீர்க்கொப்புளம்.

"என்ன வேலைம்மா பண்றீங்க?"

ஷூ கம்பெனி. பதினான்கு வருடமாக லெதர் ஓரத்தில் சொல்யூஷன் பசை தடவி மடிப்பது.

அலர்ஜி டெஸ்டுக்கு முதுகு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். லெதருக்குப் போடும் குரோம், பசை, ரப்பர், வாசனைச் சரக்கு. எது ஒத்துக்கொள்ளவில்லையோ அந்த இடம் சிவக்குமாம். புதன் பிரிப்பார்கள், வெள்ளி முடிவு. அதுவரை குளிக்கக்கூடாது, வியர்க்கக்கூடாது. அக்னி நட்சத்திரத்தில்.

மே 13, செவ்வாய்
கையில் படுவதையெல்லாம் எழுதிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.
குளியல் சோப்பு. துணி சோப்பு. பாத்திர சோப்பு. தேங்காய் எண்ணெய். சொல்யூஷன். ரப்பர் கிளவுஸ். எலுமிச்சை வாசனைக் கிரீம், பெரிய பாட்டில், போன வருடம் வாங்கியது, மூடி எப்போதோ தொலைந்துவிட்டது.

லெதர் வாடை போக ஷிஃப்ட் முடிந்ததும் பூசுவேன். அரிப்பு வந்த பிறகு நாலு தடவை, ஐந்து தடவை.

சூப்பர்வைசர் போன். "லெதர் அலர்ஜின்னு எழுதிக்குடுத்தா லைன்ல வைக்க முடியாதும்மா. பாத்துக்க."

வீட்டுக்காரர் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து வந்ததும் சொன்னேன். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு.

முதுகு அரிப்பு. சொறிய முடியாது.

மே 14, புதன்
பிளாஸ்திரி பிரித்து, பேனாவால் நம்பர் போட்டார்கள். ஒரு கட்டம் சிவப்பாம். எது என்று இன்றைக்குச் சொல்லமாட்டார்களாம்.

பக்கத்து மேசை நஸ்ரீன் போனில்: "லெதரா இருக்கக்கூடாதுன்னு துவா பண்றேன்க்கா. ஜாஸ்தி பேஜார் ஆவாத."

சரி என்றேன்.

இங்கே மட்டும் எழுதுகிறேன். லெதராகவே இருக்கட்டும். நானாக வேலையை விட்டு நின்றால் கேள்வி வரும். டாக்டர் சொல்லி நின்றால் யார் என்ன கேட்பார்கள்? காலையில் எழுந்து எங்கேயும் போகாமல் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

மே 16, வெள்ளி
புழுக்கம், மழை இல்லை. வரிசையில் இரண்டு மணி நேரம்.

குரோம் இல்லை. பசை இல்லை. ரப்பர் இல்லை. லிமோனீன். பெயரை இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் இருப்பது. கிரீமில் வாசனைக்குப் போடுகிறார்கள்.

"வாசனையாப் போடுறது கடிக்குமா டாக்டர்?"

"புதுசுல அவ்ளோ தொந்தரவு இல்லம்மா. பாட்டிலைத் திறந்துவச்சு மாசக்கணக்கா காத்து பட்டா அது வேற மாதிரி ஆயிடும். அதுதான் அலர்ஜி பண்ணுது. ஒருதடவை உங்களுக்கு வந்துடுச்சுல்ல, இனிமே எப்பவுமே வாசனை இல்லாததா பாத்து வாங்குங்க. பாத்திர சோப்புலயும் இருக்கும், லேபிளைப் பாருங்க."

அரிக்கிறது என்று அரிப்பையே பூசியிருக்கிறேன்.

"அப்ப வேலைக்கு?"

"தாராளமாப் போலாம். புண்ணு ஆறட்டும், ஒரு பத்து நாள்." சிரித்தபடி சீட்டு எழுதினார். நானும் சிரித்தேன்.

வீட்டில் மகள் கட்டிப்பிடித்தாள். அவர் பூரிக்கு மாவு பிசைந்தார், அதிசயம். எனக்குப் பசிக்கவில்லை. இரண்டு தின்றேன்.

மே 17, சனி
சீட்டைக் கொடுக்கக் கம்பெனிக்குப் போனேன். சூப்பர்வைசர் இரண்டு முறை படித்தார்.

"நல்லதாப் போச்சும்மா. உன் எடத்துல வேற யாரையும் போடல. ஆறினதும் வந்துடு."

அங்கேயே அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.