வலிக்காத பல்

இன்று காலை வாய் கொப்பளித்துத் துப்பியபோது தண்ணீரில் ரத்தம் கலந்திருந்தது. உங்கள் ஞாபகம் வந்தது, மாமா. போய்ச் சேர்ந்த புருஷனை நினைத்துக்கொள்ள மற்றவர்களுக்குச் சட்டை, பாட்டு என்று என்னென்னவோ கிடைக்கிறது. எனக்கு வாய்த்தது இதுதான்.

உங்களுக்கும் இப்படித்தான் தொடங்கியது. லாரியை நிறுத்திவிட்டு ஊரில் இருக்கும் நாட்களில் பின்வாசல் குழாயடியில் பல் துலக்குவீர்கள். சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஓடும். கேட்டால், "பிரஸ்ஸு புதுசு, அதான் குத்துது" என்பீர்கள். பிரஷ் பழசான பிறகும் சிவப்பாகவேதான் ஓடியது. போர்வெல் தண்ணீர் காய்ச்சும் குண்டாவில் உப்பு படிவது போலக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் காறை கட்டியிருந்தது. பக்கத்தில் படுத்தால் வாடை அடிக்கும். கோபமாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

வண்டி ஓடத் தகுதிதானா என்று எப்.சி. காட்டும் மாதம் வந்துவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது. வாய்க்கு மட்டும் எப்.சி. கிடையாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிச் சத்தம் கேட்பீர்கள். காற்று குறைந்த டயர் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் புத்தியைப் பல்லுக்கும் கொண்டுவந்ததுதான் வினை. பல் டாக்டரிடம் போகலாம் என்று நான் வாயெடுத்தாலே கரண்டிக் காம்பால் முன்பல்லைத் தட்டிக் காட்டுவீர்கள்.

"கிண்ணுனு இருக்குது பாரு சாமி. வலிக்காத பல்லுக்கு எதுக்கு டாக்டரு?"

"வலி வந்த பொறவு போயி என்னங்க பண்றது? ரத்தம் வருதே, அது போதாதுங்களா?"

"காறையெ எடுத்தா பல்லு ஆடும். அதுதான் புடிச்சு நிறுத்தியிருக்குது."

உங்களோடு வாதாடி ஜெயித்தவர் யார்? நானும் ஓய்ந்துபோனேன்.

பிறகு என் அண்ணன் வீட்டுக் கிடா விருந்து. எலும்பைக்கூடக் கடிக்கவில்லை, மெத்தென்ற ஈரலைத்தான் மென்றீர்கள். முன்பல் கழன்று இலையில் விழுந்தது. சொத்தை இல்லை, வலி இல்லை, முழுப் பல். அப்போதும் அதை உள்ளங்கையில் வைத்து நகத்தால் தட்டிப் பார்த்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் சேலம் போனோம். பல் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "தினமும் படியறத பிரஷ் எடுத்துரும்ங்க. கல்லா இறுகிட்டா இங்க வந்துதான் எடுக்கணும். அடியில எலும்பு கரைஞ்சு பல்லு எப்பவோ ஆட ஆரம்பிச்சிருக்கு. காறை அதை வெளிய தெரியாம மறைச்சிருக்கு. ரத்தம் வந்தப்பவே வந்திருக்கலாமே."

அன்று இரண்டு பல்லை எடுத்தார்கள். அடுத்தடுத்து இன்னும் சில. ஊர் திரும்பும் ராசிபுரம் பஸ்ஸில் பஞ்சைக் கடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பாதி வழியில், "டயரத் தட்டுனேன் சாமி, நட்டப் பாக்கல" என்றீர்கள். நட்டு கழன்று சக்கரமே ஆடும்போது டயரில் காற்று இருந்து என்ன பயன் என்று, லாரிக்காரன் பெண்டாட்டிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதன் பின் நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. கட்டுப்பல் வைத்தும் சிரிக்கவில்லை. எனக்கு உங்கள் சிரிப்பு வேண்டியிருந்தது, மாமா. போன வருஷம் நெஞ்சு வலியில் நீங்கள் போனபோது மகன் மாலை போடத் தேடி எடுத்த படத்திலும் வாய் மூடியே இருக்கிறது.

எனக்குச் சில நாளாகவே ரத்தம் வருகிறது. பேஸ்ட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் ஏறச் சலிப்பு, காத்திருக்கச் சலிப்பு. ஒண்டிக் கட்டைக்கு, ரசம் சோற்றுக்கு, பல் எதற்கு என்றுகூட நினைத்தேன். இன்று அந்தச் சிவப்பைப் பார்த்ததும் உங்கள் நட்டு ஞாபகம் வந்து, சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அதே டாக்டரம்மாதான். வாய்க்குள் காறை எடுக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, "ஐயா வரலீங்களா?" என்று கேட்டார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எதைச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் மிஷினை நிறுத்தி, "வலிக்குதுங்களாம்மா?" என்றார். அதற்கும் இல்லையென்று தலையாட்டினேன்.

ஒரு பல்கூட ஆடவில்லையாம், நல்ல நேரத்தில் வந்துவிட்டேனாம். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்; போவேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு, உங்கள் படத்துக்கு எதிரே நின்று ஈயென்று எல்லாப் பல்லையும் காட்டினேன். நட்டெல்லாம் இறுக்கமாக இருக்கிறதாம், மாமா. நீங்கள் வாயை மூடிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.