உப்புவெளிக் கரையில் வேலி பிடுங்கிய சேதி

அன்பான ரஹீமா ராத்தாவுக்கு,

வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். உங்களுக்குத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று இருந்தேன். ஊருக்கெல்லாம் தெரிந்தபின் எழுதுகிறேன், மன்னியுங்கள்.

உப்புவெளிக் கரைக்கு இறங்கும் பாதையை ஹோட்டல்காரர் முள்ளுக்கம்பியால் அடைத்த அந்தக் காலை ஞாபகம் இருக்கிறதா? கருவாட்டுக்கு மீன் எடுக்கக் கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தீர்கள். நான் தலையிலிருந்த மீன் பேசினை இறக்கி றோட்டின் நடுவில் வைத்துவிட்டுக் குந்தினேன். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் றோட்டு நிறையப் பெண்கள். பின்னேரமே கம்பியைக் கழற்றினார்கள். வென்றுவிட்டோம் என்று வீட்டுக்குப் போனோம்.

நாலாம் நாள் கம்பி திரும்பவும் வந்தது. அன்றைக்குக் குந்தியவர்கள் ஏழே பேர். பொலிஸ் வந்து எழுப்பிவிட்டது.

"கத்தினா மட்டும் காணாது புள்ள. சங்கம் வேணும்" என்றீர்கள்.

"சங்கம் எண்டா தலைவி, செயலாளர், கூட்டம். எனக்கு ஏலாது ராத்தா."

"அப்ப உனக்கு என்ன ஏலும்?"

"கத்த ஏலும்."

"சரி, நீ கத்து. நான் எழுதுறன்."

எழுதினீர்கள். ஒரு கொப்பியோடு வீடு வீடாக ஏறி, அந்தப் பாதையால் யார் யார், எவ்வளவு காலமாகக் கடலுக்குப் போகிறார்கள் என்று கேட்டுக் கையெழுத்து வாங்கி, சங்கத்தையும் தொடங்கினீர்கள். சிறுநீரகம் பழுது என்று டொக்டர் சொன்ன பிறகும், வீங்கிய காலோடு வந்து கூட்டத்தில் இருந்தீர்கள். உங்கள் உயிர் போன அன்று மௌத்து வீட்டில் அழுதுகொண்டிருந்த எங்களில் பாதிப்பேரை ஒருவருக்கொருவர் பழக்கிவிட்டதே நீங்கள்தான்.

போன கிழமை அந்தக் கையெழுத்துகளோடு அரசாங்கக் கச்சேரிக்குப் போனோம். அதிகாரி ஒவ்வொன்றாக வாசித்தார். "நியாயம்தான். ரெண்டு மாசம் பொறுங்கோ" என்றார். எங்கள் சங்கத் தலைவி தலையாட்டிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு மாசத்தில சீமெந்து மதில் எழும்பிடும் ஐயா. வேலியைப் பிடுங்கக் கட்டளை கையில வராமல் நாங்கள் எழும்பமாட்டம்!"

நிலத்தில் குந்திவிட்டேன். தலைவி என்னை முறைத்தார். பிறகு அவரும் குந்தினார்.

பின்னேரம் கட்டளை வந்தது. மறுநாள் வேலி போனது. உங்கள் கடதாசிகள் இல்லாவிட்டால் முதல் நாள் போலவே எங்களை ஏய்த்து அனுப்பியிருப்பார்கள். நாங்கள் குந்தாமல் வந்திருந்தால் அந்தக் கடதாசிகள் அலுமாரிக்குள் கிடந்து உக்கியிருக்கும். இதைக் கேட்டுச் சிரிப்பீர்களா, ஏசுவீர்களா?

இப்போது கிண்ணியாப் பக்கக் கரையிலும் யாரோ எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். உங்கள் மகள் நேற்றே பெயர் எழுதத் தொடங்கிவிட்டாள். திங்கட்கிழமை உப்புவெளியிலிருந்து ஒரு பஸ் நிறைய வருகிறோம். அந்தக் கல் அங்கே நிற்கும்வரை நாங்களும் நிற்போம். இது சத்தியம் ராத்தா.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
சாந்தி