கம்பத்துக் கமெரா

இன்றைக்குக் காலமை எங்கட பிள்ளை மயூரி காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, புது டெனிஸ் பந்து டின் ஒன்றைத் திறந்தாள். உஸ் என்று காற்று வந்தது. பின்னால் அந்த ரப்பர் மணம் வந்தது. கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

புது டின் திறந்தால் முதலில் உங்கட மூக்குக்குக் கிட்டத்தான் கொண்டு வருவாள். "இதை ஒரு சென்ற்றாக்கி வித்தா நான் பூசுவன்" என்பீங்கள். "பூசுங்கோ, நான் கோயிலுக்கு வேற காரில வாறன்" என்பேன் நான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுதினால் பிழை வரும். திருத்த நீங்கள் இல்லை. பிழையோடேயே எழுதுகிறேன்.

டெனிஸ் விளையாடியே அமெரிக்காவில் யூனிவேர்சிற்றி இடம் எடுத்தவள் மயூரி. எயார்போர்ட்டில் நான் அழுதுகொண்டு நிற்க, "ஏன் அழுறீர்? அவளின்ர ஒவ்வொரு மட்சையும் நான் பாப்பன்" என்று சொன்னீங்கள். பார்க்கவும் செய்தீங்கள். அவளின் கோர்ட்டில் ஒரு கம்பத்தில் ஒரு கமெரா கட்டியிருந்தார்கள். இன்ரநெற்றில் சும்மா பார்க்கலாம். பேச ஆளில்லை, பாட்டில்லை, கோர்ட் மட்டும்தான். சில நாளில் ஒரு பறவை வந்து கமெராவுக்கு முன்னால் குந்திவிடும். "இந்தக் குருவிக்கு ஆர் ஸ்கொலர்ஷிப் குடுத்தது?" என்று கத்துவீங்கள். நான் குசினிக்குள் நின்று சிரிப்பேன்.

பிறகு உங்கட சிறுநீரகம் நின்றது. வெயர்ஹவுஸ் வேலையும் நின்றது. மட்ச் நிற்கவில்லை. அங்கே பின்னேரம் என்றால், நாங்கள் குடியேறின இந்த நாட்டில் காலமை. டயலிசிஸ் கதிரையில் இடக்கையில் ஊசி, மடியில் மட்ச் பார்க்கிற டப்லெற். முதல் பந்து அடிக்க முன்னம் பிள்ளை கம்பத்தை நிமிர்ந்து பார்த்து, மட்டையால் சப்பாத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உங்களுக்கான அடையாளம் அது. நீங்கள் வலக்கையைத் தூக்கி, "ஓம் பிள்ளை, இருக்கிறன்" என்பீங்கள். கை தூக்கினதைக் கண்டு அந்தத் தமிழ்நாட்டு நேர்ஸ் பிள்ளை ஓடி வரும்.

"என்ன வேணும் அங்கிள்? தண்ணியா?"

"கேட்டாலும் தரமாட்டீர். பிறகேன் கேக்கிறீர்? நான் என்ர மகளோட கதைக்கிறன்."

கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைக்கும் பழகிவிட்டது. கை உயர்ந்தால், "மேட்ச் ஆரம்பிச்சாச்சா?" என்று தூரத்தில் நின்றே கேட்கும்.

ஒருநாள் மயூரி போன் எடுத்து, தன்ர யூனிவேர்சிற்றி பழைய லீக்கை விட்டுப் பெரிய லீக்குக்குப் போகுதாம் என்றாள். டிவிக்காரர் கனக்கக் காசு குடுக்கிறார்களாம். அவளின் குரலில் சந்தோசம் இல்லை. நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. வகுப்பேற்றம் கிடைத்த மாதிரித் துள்ளினீங்கள். என்னை மோதகம் அவிக்க வைத்து, த பேசின் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் உடைத்தீங்கள். பக்கத்தில் நின்ற பரமண்ணை, "என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"மகளின்ர மட்சை இனி டிவியில காட்டப்போறாங்கள் அண்ணை."

"அப்ப நாங்களும் பாக்கலாம்" என்று மோதகத்தை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார். நீங்கள் அவருக்கு இன்னொன்று எடுத்துக் குடுத்தீங்கள்.

புது லீக்கில் முதல் மட்ச் அன்றைக்கு டப்லெற் கறுப்பாய்க் கிடந்தது. நடுவில் இங்கிலீசில் ஒரு வரி. நேர்ஸ் பிள்ளைதான் வாசித்துச் சொன்னது. "இது இந்த நாட்டுல தெரியாதாம் அங்கிள்."

"காசு கட்டுறன் எண்டு போட்டுப் பாரும்."

"காசு கேக்கவே இல்லையே. கட்டுறதுக்கு இடமே காணோம்."

மயூரி பிறகு விளங்கப்படுத்தினாள். டிவிக் காசு ஃபுட்போல் விளையாடுகிற பெடியளைக் காட்டத்தான். ஆனால் எழுதிக் குடுக்கும்போது எல்லா விளையாட்டையும் சேர்த்துத்தான் எழுதிக் குடுத்தார்களாம். கம்பத்துக் கமெராவும் அந்தக் கொம்பனிக்குப் போய்விட்டது. அமெரிக்காவுக்கு வெளியில் பூட்டு. அவள் ஏதோ களவு வழி ஒன்று போட்டுத் தந்தாள். கொஞ்ச நாள் தெரிந்தது. பிறகு அதையும் கண்டுபிடித்து மூடிவிட்டார்கள்.

"முந்தி பக்கத்துக் கொலிஜோட விளையாடிப்போட்டு பஸ்ஸில பாட்டுப் பாடிக்கொண்டு வருவம் அப்பா. இப்ப கடலுக்குக் கடல் பறக்கிறம். எக்ஸாமுக்குக் கூட பிளேனிலதான் படிக்கிறன்" என்றாள். தேங்காய் உடைத்தது அப்போதுதான் உங்களுக்கு உறைத்திருக்க வேணும்.

அதற்குப் பிறகு உங்களுக்குக் கிடைத்தது போனில் வருகிற ஸ்கோர் இலக்கங்கள்தான். அதைப் பார்த்தே மட்ச் சொன்னீங்கள். "நாப்பது எடுத்திட்டாள். இப்ப தலைமயிரை இறுக்கிக் கட்டுவாள் பாரும்." பிள்ளையைக் காணாமல் பிள்ளையைப் பார்த்தீங்கள். முதல் இலக்கம் விழ முன்னம் கையைத் தூக்க மறக்கவில்லை. நேர்ஸ் பிள்ளை மற்றப் பக்கம் திரும்பி நின்றுகொள்ளும்.

அன்றைக்கும் மட்ச் நாள்தான். கதிரையிலேயே உங்கட பிரஷர் விழுந்து, கட்டிலில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் பிள்ளைக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். பழைய லீக் என்றால் பஸ்ஸில் இருந்திருப்பாள், கையில் போன் இருந்திருக்கும்.

"எடுத்தாளோ?" என்று கேட்டீங்கள்.

"பிளேனில போல கிடக்கு."

"அப்ப மட்ச் தொடங்கேல்லை."

அதற்குப் பிறகு நீங்கள் கதைக்கவில்லை. அவள் இறங்கிப் போனைப் போட, எல்லாம் முடிந்திருந்தது.

செத்தவீட்டுக்குப் பரமண்ணை வந்தார். "எண்டாலும் பெரிய லீக்கில விளையாடின பிள்ளை" என்றார். அவருக்கு நான் தேத்தண்ணி குடுக்கவில்லை. அவர் நல்ல மனிசன், தெரியும். எண்டாலும் குடுக்கவில்லை. அடுத்த வருசமே அவளின் யூனிவேர்சிற்றியில் பொம்பிளைப் பிள்ளையளின் டெனிஸ் அணியை மூடினார்கள். பிளேன் செலவு தாங்கவில்லையாம். காசு கொட்டுகிறது என்றுதானே போனார்கள்? இதை ஆரிடம் கேட்பது? எனக்கு இங்கிலீசும் வராது. வந்தாலும் எந்தக் கதவில் போய்த் தட்டுவது?

பிள்ளை வந்துவிட்டாள். மிச்சப் படிப்பை இங்கே முடிக்கிறாள். பின்னேரங்களில் சின்னப் பிள்ளையளுக்குக் கவுன்சில் கோர்ட்டில் பழக்குகிறாள். முந்தி உங்கட செத்தவீட்டுக்கு வந்து நின்றபோது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடுத்த நாள், பாத்திரம் கழுவும்போது சொன்னாள், "நான் ஒவ்வொரு மட்சும் தட்டினனான் அம்மா. எந்தக் கமெரா எண்டு தெரியாது. எல்லாத்தையும் பாத்துத் தட்டினனான்." நீங்கள் கை தூக்கினதை நான் சொன்னேன். தண்ணிப் பைப்பைப் பூட்டாமலே அப்படியே நின்றாள்.

சனிக்கிழமையில் இங்கத்தைய கிளப்புக்கு விளையாடுகிறாள். இன்றைக்கும் போனோம். உங்கட மடிக்கிற கதிரையில், வேலிக்கு வெளியில்தான் இருப்பேன். எனக்கு விளையாட்டு விளங்காது. வெல்கிறாளோ தோற்கிறாளோ என்று அவளின் முகத்தைப் பார்த்துத்தான் அறிவேன். ஆனால் முதல் பந்துக்கு முன்னம் வலக்கையைத் தூக்க வேணும் என்பது மட்டும் தெரியும். தூக்கினேன். "ஓம் பிள்ளை, இருக்கிறன்" என்றும் சொன்னேன், எனக்கே கேட்காத மாதிரி.

அவள் என்னைப் பார்ப்பதில்லை. நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்துத்தான் தட்டுகிறாள், இரண்டு தட்டு. அந்தக் கம்பத்தில் லைட் மட்டும்தான் இருக்கிறது.