ஜன்னலில் இல்லாத நாரை

யாம்பொல்,
மார்ச் 29

அன்பு மகள் ஸோர்னித்சாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். இந்த வரியை இத்தனை வருடமும் வழக்கத்துக்காக எழுதிக்கொண்டிருந்தேன், இன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்து எழுதுகிறேன். நீயும் அங்கே சிகாகோவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இன்னும் பனி விடவில்லை என்று அம்மா சொன்னாள், காதை மூடாமல் வெளியே கிளம்பாதே. தினமும்தான் ஃபோனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை திருத்துகிறாள். அதுவும் போக, சில விஷயங்களை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது.

முதலில் நல்ல சேதி. உன் குட்டித் தங்கை கலினா புதன்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. எலும்பு ஆறி வருகிறது, கத்தி வைக்கத் தேவையில்லை, இனி ஆறு வாரம் மாத்திரை மட்டும் போதும் என்று டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். காலை லேசாகச் சாய்த்து நடக்கிறாள், ஆனால் வாய் நேராகத்தான் இருக்கிறது, வீட்டில் எல்லோரையும் அதட்டுகிறாள். பூனைக்கு நாலு காலிலும் கட்டுப் போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டு கெஞ்சோ நலம் விசாரிக்க வந்தவர், வந்த காரியத்தை மறந்துவிட்டு நம் திராட்சைக் கொடியை நான் இந்த வருடம் கண்டபடி வெட்டியிருப்பதாகக் குறை சொல்லிவிட்டுப் போனார். அவர் கொடியைப் போய்ப் பார், மொட்டை மண்டை மாதிரி நிற்கிறது.

இப்போது உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். பிப்ரவரி கடைசியில் பள்ளிக்கூட வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள் என்று உனக்குத் தெரியும். வீங்கிய காலுக்கு வினிகர்த் துணி சுற்றினோம், ராக்கியாச் சாராயம் தேய்த்தோம், நம்மூரில் வேறென்ன செய்வோம். நாலாம் தேதி காய்ச்சல் நாற்பது டிகிரியைத் தொட்டது, தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எலும்புக்குள் சீழ் பிடித்திருக்கிறது, மூன்று வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். இவ்வளவுதான் உனக்குச் சொன்னோம். மருந்து கேட்காவிட்டால் காலைத் திறந்து எலும்பைச் சுரண்ட வேண்டியிருக்கும், அப்புறம் அந்தக் கால் மற்றக் காலோடு சமமாக வளருமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் அம்மா சொன்னதை நாங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலையை உதறிவிட்டு வந்து நின்றிருப்பாய். மறைத்ததற்கு அம்மா காரணமில்லை, நான்தான் அவள் வாயை அடைத்தேன்.

அதைவிடப் பெரிய தப்பும் நான் செய்ததுதான். மார்ச் முதல் தேதி அம்மா கலினாவின் வலது மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் கட்டியிருந்தாள், எப்போதும்போல. நாரையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அந்த மார்த்தெனித்சா நூலைக் கழற்ற வேண்டும், அதற்கு முன்னால் அறுந்தால் அந்த வருடம் உடம்புக்கு ஆகாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த வாய்தான். ஆஸ்பத்திரியில் இடது கையில் நரம்பு அகப்படவில்லை. வலது கையைக் கொடு, நூலைக் கழற்று என்றாள் நர்ஸ். கலினா கையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். முடிச்சும் அவிழவில்லை, நர்ஸும் பல்லைக் கடிக்கிறாள், எனக்கோ பயம். "அதோ பாருடி, ஜன்னல்ல நாரை வந்திருக்கு!" என்றேன். பச்சைப் பொய். காய்ச்சலில் வெந்துகொண்டிருந்த பிள்ளை முகம் மலர்ந்து திரும்பிப் பார்த்தது. அந்த நேரத்தில் சாவிக்கொத்தில் கிடக்கும் சின்னக் கத்தியால் நூலை அறுத்துவிட்டேன். இரண்டு நர்ஸ்கள் அமுக்கிப் பிடித்து ஊசிக்குழாயைச் செருகினார்கள். அவள் ஊசிக்கு அழவில்லை. "எங்கேப்பா நாரை? எங்கேப்பா?" என்று கேட்டுத்தான் அழுதாள்.

அதற்குப் பிறகு என்னோடு பேச்சே இல்லை. யார் கிட்டே வந்தாலும் அலறல். குழாயை இரண்டு முறை பிடுங்கிப் போட்டாள், ஒரு நர்ஸைக் கடித்துவிட்டாள். "நூலை அறுத்தாச்சு, எனக்கு இனிமே சரியாகாது, சும்மா விடுங்க" என்று அம்மாவிடம் பெரிய மனுஷி மாதிரி சொன்னாளாம். ஒவ்வொரு தடவையும் நாலு பேர் பிடிக்க வேண்டும், பிடித்தாலும் பாதி மருந்து வீணாகும். ஆறு நாள் கழித்து டாக்டர் அம்மா எங்களை உட்கார வைத்து, தினமும் மயக்க மருந்து கொடுக்க முடியாது, இப்படியே மருந்து தவறினால் வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு எழுதிவிடுவேன் என்றார். அன்று திங்கள். நான் வராந்தாவுக்கு வந்து நின்றேன். அப்போதுதான் கிறீச் கிறீச்சென்று ஒரு தள்ளுவண்டி வந்தது.

நெவ்யானா என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், பூப்போட்ட ஏப்ரன், வண்டி நிறையப் பொம்மை. பிள்ளைகளோடு விளையாடுவதுதான் அங்கே அவளுக்கு வேலை. அவளிடம் என் வாய் சும்மா இருக்குமா? "ஊசி போட ஆள் இல்ல, இதுல பொம்மை தள்ள ஒரு ஆளா?" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவே இல்லை. "வண்டிய நீங்க வேணா தள்ளுங்களேன், எனக்கு இடுப்பு வலி" என்றாள். அப்படித்தான் நான், ரயில் பெட்டி பழுது பார்க்கிற ஃபிட்டர், பொம்மை வண்டி தள்ளிக்கொண்டு அவள் பின்னால் போனேன். வராந்தாக் கடைசியில் அவளுக்கு ஓர் அறை. அந்த அறைக்குள் எந்த டாக்டரும் எந்தப் பிள்ளையையும் தொடக் கூடாது, ஊசி, மாத்திரை எதுவும் கதவைத் தாண்டக் கூடாது என்பது சட்டம், பெரிய டாக்டருக்கும் சேர்த்துத்தான். கலினாவை அம்மா தூக்கிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியின் பழைய படுக்கை விரிப்பில் நெவ்யானாவே தைத்த பொம்மைகள் அங்கே இருந்தன, எதற்கும் முகம் கிடையாது, முகத்தைப் பிள்ளைதான் வரைய வேண்டும். ஊசி மட்டும் இல்லாத நிஜ சிரிஞ்ச், நிஜக் குழாய், நிஜ பிளாஸ்திரி. கலினா முகம் வரையவில்லை. பிளாஸ்திரியை எடுத்து பொம்மையின் இரண்டு கையிலும் தோளிலிருந்து விரல் வரை சுற்றினாள், குத்துவதற்கு இடமே இல்லாமல். ஒரு சுருள் முழுக்கத் தீர்ந்தது. நானாக இருந்தால் ஏண்டி வீணாக்குகிறாய் என்றிருப்பேன். நெவ்யானா இன்னொரு சுருளை எடுத்துக் கொடுத்துவிட்டு, "பாவம், இந்தப் பிள்ளைய ரொம்பப் பேரு பிடிச்சிருக்காங்க போல" என்றாள். அவ்வளவுதான். என் மகள் ஆறு நாளில் முதல் தடவையாக வேற்று ஆள் ஒருத்தியிடம் தலையாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை கலினா பிளாஸ்திரியைக் கொஞ்சம் பிரித்திருந்தாள். "இவளுக்கு மருந்து எந்த வழியா போகும்?" என்று நெவ்யானா கேட்டதற்கு, "அதெல்லாம் டாக்டர்தான் சொல்லணும். நான்தான் டாக்டர்" என்று பதில். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். ஒரு வாரமாக முகம் கொடுக்காதவள், "அடுத்த ஆள் வாங்க! பேரு என்ன?" என்றாள். லூபென் என்றேன். "வயசு?" ஐம்பத்து மூன்று. "பெரிய ஆளா இருந்துட்டு அழக் கூடாது, படுங்க." எழுந்துவிடப் பார்த்தேன், முழங்கால் வலி என்று சாக்கு சொன்னேன். நெவ்யானா என்னை ஒரு பார்வை பார்த்தாள், படுத்துவிட்டேன். சின்னப் பிள்ளைகள் படுக்கிற பாய், என் கால் இரண்டும் தரையில். கலினா கம்பளி நூல் எடுத்து என் மணிக்கட்டில் கட்டினாள். சட்டைக்கையைச் சுருட்டினாள். எல்லாம் மெதுவாக. பிறகு திடீரென்று கையை நீட்டி, "அதோ பாருங்க, ஜன்னல்ல நாரை!" என்றாள்.

எல்லாம் தெரிந்தும் நான் திரும்பிப் பார்த்தேன், ஸோர்னித்சா. திரும்பிய கணத்தில் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது, நூல் விழுந்தது, சிரிஞ்சின் முனையைக் கையில் வைத்து அழுத்தினாள். நாரை இல்லையே என்றேன். "இல்ல. சும்மா சொன்னேன். இப்ப நீ அழு" என்றாள். விளையாட்டுக்கு அழத்தான் வாயைத் திறந்தேன். எங்கிருந்து வந்ததோ, நிஜ அழுகை வந்துவிட்டது. அவள் பயப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் பார்த்துக்கொண்டிருந்தாள், அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். பொய் சொல்லிட்டேன்டா கண்ணு, தப்பு செஞ்சிட்டேன் என்றேன். அறுந்த நூலை எடுத்து ஓரமாக வைத்தாள். "சரி, மறுபடி முதல்லேர்ந்து. இந்தத் தடவை நான் நிஜம் சொல்றேன். குத்தும். பத்து எண்ணுற வரைக்கும் வலிக்கும். ஜன்னலைப் பாக்க வேண்டாம், என்னைப் பாரு" என்று சொல்லி, புது நூலை என் கணுக்காலில் கட்டினாள், அங்கே யாரும் ஊசி போட வர மாட்டார்களாம். ஏழு தடவை எனக்கு ஊசி போட்டாள். கடைசியில் பொம்மைக்கு முகம் வரைந்தாள், மீசையோடு.

புதன்கிழமை காலை நிஜ நர்ஸ் வந்தபோது நெவ்யானா கூடவே வந்து நின்றாள், பிடிக்க யாரும் வரவில்லை. கலினா எல்லோருக்கும் சட்டம் சொன்னாள், யாரும் பொய் சொல்லக் கூடாது, தான் எண்ண ஆரம்பித்த பிறகுதான் குத்த வேண்டும். கையை அவளே நீட்டினாள். ஆறு வரைக்கும் குரல் நன்றாக இருந்தது, ஏழில் உடைந்தது, பத்தைக் கத்தியே சொன்னாள், ஆனால் கை அசையவில்லை. வியாழக்கிழமை ஆபரேஷன் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வேளை மருந்து தவறவில்லை. மருந்து கொடுத்த டாக்டருக்கும் கடி வாங்கிய நர்ஸுக்கும் நான் ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன், ஆனால் அந்த மருந்து உள்ளே போக வழி திறந்தவள் நெவ்யானா. நன்றியாக என்ன செய்வது என்று தெரியாமல் அவள் வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு, சத்தமே வராமல் பண்ணிக் கொடுத்தேன். மறுநாளே பிடித்துக்கொண்டாள். "என்ன மனுஷன்யா நீங்க, அந்தச் சத்தத்தக் கேட்டுத்தானே பிள்ளைங்க எழுந்து உட்காரும்!" என்றாள். அசடு வழிந்துகொண்டு போய் ஒரு சைக்கிள் மணி வாங்கி மாட்டினேன்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே. உனக்கு ஐந்து வயதில் தொண்டையில் சதை வளர்ந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அப்போதெல்லாம் பெற்றவர்களை உள்ளே விட மாட்டார்கள், வாசலோடு சரி. நீ அழுவாய் என்று பயந்து, "வண்டிய ஒழுங்கா நிறுத்திட்டு வந்துடறேன், இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒன்பதாம் நாள்தான் திரும்பி வந்தேன். என்னைப் பார்த்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "வண்டிய நிறுத்தியாச்சா அப்பா?" நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு பண்டிகைச் சாப்பாட்டிலும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம், நீயும் எங்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறாய். இந்த மார்ச் இரண்டாம் தேதி, மன்னிப்பு ஞாயிறுக்கு, வழக்கம்போல நீ ஃபோன் செய்து அப்பா என்னை மன்னித்துவிடுங்கள் என்றாய், நானும் பெரிய மனுஷனாக மன்னித்தேன் என்றேன். சின்னவர்கள் பெரியவர்களிடம் கேட்பதுதான் வழக்கம். பாயில் படுத்து அழுதபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது. ஒன்பது நாள் நீ அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய். உன்னை விளையாடக் கூப்பிட அங்கே ஒரு நெவ்யானா இல்லை, என்னைப் படுக்க வைத்து அழச் சொல்ல உனக்கு யாரும் ஒரு இடம் கொடுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கலினாவைக் கூப்பிட மறந்துவிடாதே, ஃபோனிலேயே ஊசி போட உன்னைப் படுக்கச் சொல்லுவாள், மறுக்காமல் படு. கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். மகளே, அந்த ஒன்பது நாளுக்காக என்னை மன்னித்துவிடு. வழக்கத்துக்காக உடனே பதில் சொல்லாதே, மனதுக்கு வரும்போது சொல். அதுவரை நான் வாசலில் நிற்கிறேன்.

உன் அப்பா,
லூபென்