ஒரே துணியில் மூன்று பேர்

அக்கா,

நேற்று சாயங்காலம் சரசு ஐந்து மஞ்சள் டி-சட்டைகளைக் கொண்டுவந்து என் கட்டிலில் பரப்பினாள். அவளுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று. ஐந்தாவது எனக்காம். மெர்டேக்கா சுதந்திர தின விடுமுறையைச் சனி ஞாயிறோடு சேர்த்துக் கோலாலம்பூரில் மூன்று நாள் இருந்துவிட்டு வரத் திட்டம் போட்டிருக்கிறாள். ஓட்டலுக்குப் போன் செய்து அறையும் சொல்லியாகிவிட்டது.

“எல்லாரும் ஒரே கலர் போட்டா, கூட்டத்துல யாரும் தொலைய முடியாதும்மா,” என்றாள்.

புதுத் துணியின் கஞ்சி வாடை மூக்கில் ஏறியதும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் பயந்துபோய், சர்க்கரை பார்க்கவேண்டும், நாளைக்கே கிளினிக் போகலாம் என்றாள். சட்டைகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அதனால்தான் இந்த மடல். உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. பேசுவதற்கும் சாமி பெயர்கள், உறவுப் பெயர்கள், நாலைந்து சாப்பாட்டுப் பெயர்கள், அவ்வளவுதான். மலாக்காவின் பழைய தமிழ்க் குடியிருப்பான கம்போங் செட்டியில் பிறந்தவர்களுக்கு உங்களுடைய அந்த மலாய்தான் தாய்மொழி. எனக்கோ ரப்பர் தோட்டத்துத் தமிழ். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் இதை யாராவது வாசித்துச் சொல்லவேண்டியிருக்கும், நானும் எழுதியிருக்கமாட்டேன். உங்களால் படிக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நீங்கள் அன்று பேசியதை எல்லாம் தமிழில்தான் போடுகிறேன். என் மலாய் இப்போதும் நீங்கள் சிரிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அந்த வருஷம் சரசுவுக்கு ஐந்து வயது. காஜா பெராங் பகுதியில், உங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில், பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர். ஊர் ஊராகப் போய்வருகிற மனுஷருக்குக் கூட்டம் என்றால் திருவிழா. ஒரு நாள் பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் திட்டம் எழுதிக்கொண்டு வந்து நின்றார். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி, கோலாலம்பூர் செந்தூலில் அவர் தங்கை வீட்டில் தங்குவது. சனிக்கிழமை காலை ஸ்டேடியத்தில் சுதந்திர விழா. ஞாயிற்றுக்கிழமை பத்துமலை, மதியம் திரும்புவது. அதற்குக் கீழே, சரசுவுக்கு ஐஸ்கிரீம் என்று கோடு போட்டு எழுதியிருந்தார்.

“நான் வரல,” என்றேன்.

“ஊரே போவுது. நம்ம மட்டும் வீட்டுல உக்காந்துக்கிட்டு இருக்கணுமா? நாளைக்குப் பொண்ணு கேட்டா என்னான்னு சொல்லுவே?”

என் பயம் அவருக்குத் தெரியாததல்ல. ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்று சொல்லி ஆட்களைக் கூப்பிட்டார்கள். என் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார். அந்தக் கூட்டத்தை அப்படியே லாரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். அப்பா திரும்பவில்லை. அன்றிலிருந்து, நாலு பேர் சந்தோஷமாக ஓர் இடத்துக்குப் போகிறார்கள் என்றாலே நான் பின்வாங்கிவிடுவேன். தேர் பார்க்கப் போனாலும் ஓரமாக நின்று, ஓடுவதற்கு எந்தப் பக்கம் வழி இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

உங்களிடம் வந்து அழுதேன். நீங்கள் வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே சாம்பிராணிப் புகை. முழுவதும் கேட்டுவிட்டு, “நான் வந்தால் போவாயா?” என்றீர்கள். பெரிய பெரிய பையன்களை வளர்த்து வேலைக்கு அனுப்பிவிட்ட உங்களுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. எனக்காக வந்தீர்கள்.

அப்புறம் நானும் என் பங்குக்குத் திட்டம் போட்டேன். தீபாவளிக்குச் செய்கிற மாதிரி ஒரே கட்டுத் துணி எடுத்து, சரசுவுக்குக் கவுன், அவருக்குச் சட்டை, எனக்கு ரவிக்கை. நீலத்தில் வெள்ளை வெள்ளையாக நட்சத்திரப் பூ. எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் அந்த நீலம் என் கண்ணுக்குத் தப்பாது என்று கணக்கு. “இந்த டிசைன் மலாக்கா முழுக்க என் கடையில மட்டும்தாம்மா,” என்றார் துணிக்கடை பாய். அவர் பொய் சொல்லவில்லை. மலாக்காவைப் பற்றித்தானே சொன்னார்.

உங்களுக்கும் ஒரு துண்டு தருகிறேன் என்றேன். “எதற்கு? ஜன்னலுக்கு மாட்டவா?” என்று சிரித்தீர்கள். நான் அதோடு விடவில்லை. ஒரு காகிதத்தில் பெயர், விலாசம் எல்லாம் எழுதி, கவுனின் உள்பக்கம் வைத்துத் தைத்தேன். உங்களிடம் காட்டியபோது, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை யார் படிப்பார்கள்?” என்றீர்கள். தமிழில் எழுதியிருந்தேன். அதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது.

வெள்ளிக்கிழமைப் பயணம் முழுவதும் என் வாயில் முருகன் பெயர்தான். வழியில் இரண்டு இடத்தில் துப்பாக்கியோடு நின்று பஸ்ஸைச் சோதித்தார்கள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. சரசு உங்கள் மடியில் உட்கார்ந்து பலகாரம் தின்றுகொண்டே வந்தாள்.

சனிக்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது. அப்படியும் தெரு கொள்ளாத ஜனம். எல்லாரும் ஸ்டேடியம் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர் முன்னால் போய் வழி எடுக்க, நடுவில் நானும் சரசுவும், பின்னால் நீங்கள். தூறல் கனத்தபோது குடையை விரிப்பதற்காகச் சரசுவின் கையை விட்டேன். குடை விரிகிற நேரம், அவ்வளவுதான். சுற்றிலும் நூறு குடைகள் விரிந்தன, யாரோ இடித்தார்கள், நான் இரண்டு அடி தள்ளிப்போய்க் கையை நீட்டினேன். ஒரு சின்னக் கை வந்து பிடித்துக்கொண்டது. குனிந்து பார்த்தேன், நீலக் கவுன் தெரிந்தது. நடந்தேன்.

ஒரு விஷயம் சொல்லட்டுமா, அக்கா? அந்த வாரம் முழுவதிலும் எனக்குப் பயமே இல்லாமல் இருந்தது அந்தக் கொஞ்ச தூரம் மட்டும்தான். பிள்ளை கையில் இருக்கிறது, மழையும் குறைகிறது, எங்கோ பாண்டு வாசிக்கிறார்கள். சரிதான், வந்ததும் நல்லதுதான் என்றுகூட நினைத்தேன்.

“அம்மா, கால் வலிக்குது,” என்றது பிள்ளை.

அது சரசுவின் குரல் இல்லை.

குனிந்தேன். அதே நீலம், அதே வெள்ளைப் பூ. காதில் சிவப்புக் கல் தோடு. சரசுவுக்கு அப்போதுதான் காது குத்தி வேப்பங்குச்சி போட்டிருந்தேன். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்த்தது, என் ரவிக்கைக் கையைப் பார்த்தது, மறுபடி முகத்தைப் பார்த்தது. அதன் அம்மாவும் அதே கட்டுத் துணியில் ரவிக்கை தைத்திருக்கிறாள். துணியை நம்பித்தான் அது என் கையைப் பிடித்திருக்கிறது. நானும் துணியை நம்பித்தான் நடந்திருக்கிறேன்.

அதன் உதடு கோணியது. என் சேலையை இறுக்கிப் பிடித்தது. நான் அந்தக் கையை உதறினேன். சேலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வந்த வழியே ஓடினேன். பின்னால் வந்த நீங்கள் எல்லாவற்றையும் பார்த்தீர்கள். உங்களைத் தாண்டித்தான் ஓடினேன்.

எவ்வளவு நேரம் ஓடினேன் என்று தெரியாது. “சரசு! சரசு!” என்று கத்தினால் வேறு வேறு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன. தொலைவில் நீலக் கவுன் தெரிந்து, கும்பிட்டுக்கொண்டே போய்த் திருப்பிப் பார்த்தால் வேறு முகம். அந்தத் துணி கோலாலம்பூரில் எத்தனை வீட்டுக்குப் போயிருந்ததோ. எல்லாரும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். என் அப்பாவும் சிரித்துக்கொண்டேதானே போனார் என்று ஞாபகம் வந்தது. மழை நனைத்த கவுனுக்குள் அந்தக் காகிதம் இந்நேரம் கூழாகியிருக்கும் என்று தோன்றியது. என் பிள்ளை போய்விட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன்.

வேறு போக்கிடம் தெரியாமல் பழைய இடத்துக்கே வந்தேன். ஒரு கடை வாசலில், கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டியின் மேல் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். இடுப்பில் அந்தப் பிள்ளை. “அனாக் சியாபா? யார் பிள்ளை இது?” என்று சந்தையில் கூவுவது போல் கூவிக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. “எம்பொண்ணைத் தேடாம, இங்க என்னா நிக்கிறீங்க?” என்று தமிழிலேயே கத்தினேன்.

புரிந்துகொண்டீர்கள். கீழே இறங்கினீர்கள். “இவளுடைய அம்மா இவளைத் தேடி இங்கேதான் வருவாள். உன் பெண் அவள் கையில் இருந்தாலும் இருக்கும். நில்,” என்றீர்கள். நான் மறுபடி ஓடப் பார்த்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அந்தப் பிள்ளையின் கையை என் கைக்குள் வைத்து மூடினீர்கள். “ஜாங்கான் லெப்பாஸ்,” என்றீர்கள். விட்டுவிடாதே.

அந்தக் கை ஈரமாக, சில்லென்று இருந்தது. அது என்னைப் பிடிக்கவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு நீல ரவிக்கை வந்தது. அவள் இடுப்பில் சரசு, அழுது அழுது மூக்கு சிவந்து. அந்தப் பெண்ணுக்குச் சில அடிகளிலேயே தெரிந்துவிட்டதாம், கையில் இருப்பது தன் பிள்ளை இல்லை என்று. இருந்தும் தூக்கிக்கொண்டே தேடியிருக்கிறாள்.

“வுட்டா இதுவும் தொலைஞ்சிடுமே, தங்கச்சி,” என்றாள் என்னிடம்.

அவள் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்புறம் அவர் வந்தார், விஷயம் கேட்டு வெலவெலத்துப் போனார். நீங்கள் என்ன செய்தீர்கள்? என் பக்கம் திரும்பாமலே அவரிடம், “உன் பெண்டாட்டிக்குத்தான் மூளை. இந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இங்கேயே நில்லுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் தேடப் போனாள்,” என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மூடிய வாய்தான்.

அவர் அந்தக் கதையை பஸ் பஸ்ஸாகச் சொன்னார். காஜா பெராங் முழுக்கச் சொன்னார். சாகிறவரைக்கும் சொன்னார். நானும் தலையை ஆட்டிக்கொண்டு காப்பி கலக்கினேன். நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு தடவை, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, “அக்கா, அன்றைக்கு அந்தப் பிள்ளையை நான்...” என்று ஆரம்பித்தேன். “அன்று மழை. கை வழுக்கியிருக்கும்,” என்று முடித்துவிட்டீர்கள். கண்ணை மூடிக்கொண்டீர்கள். அடுத்த வாரம் உங்கள் வீட்டில் உங்களைக் கிடத்தியிருந்தபோதும் அந்தச் சாம்பிராணி வாடைதான்.

வழுக்கவில்லை, அக்கா. உதறினேன். உங்களுக்கும் தெரியும்.

இன்று காலை கூடத்தில் சரசு பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். “தொலைஞ்சா ஓடக்கூடாது, நின்ன இடத்துலயே நிக்கணும். பாட்டி அன்னைக்கு என்னா செஞ்சாங்கன்னு தெரியும்ல?” என்று ஆரம்பித்தாள். சின்னவன் என்னைப் பெருமையாகப் பார்த்தான். எட்டு வயது அவனுக்கு. எனக்குத் தாங்கவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குடை, தோடு, சேலையை இழுத்தது, நீங்கள் சொன்ன பொய், எல்லாம். என்னை வெறுத்துவிடுவாளோ என்று பயம். இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்த பெயர் ஒரு காலையில் போய்விடுமே என்றும் பயம்.

அவள் டி-சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துவைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்தப் பிள்ளை அழுதாளாம்மா?”

“தெரியலடி. நான் திரும்பிப் பாக்கல.”

அவள் ஐந்து சட்டைகளையும் பையில் வைத்து ஜிப்பை மூடினாள். எழுந்து அறைவாசல்வரை போனவள், திரும்பாமலே, “சின்னவனை நீங்கதான் கையில பிடிச்சுக்கணும், அங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்போதிலிருந்து என் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கையின் இறுக்கம் மணிக்கட்டில் இருக்கிறது, உள்ளே அந்த ஈரக் கையும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை கிளம்புகிறோம். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, அக்கா. சோடாப் பெட்டியில் ஏறி நிற்க இந்தத் தடவை நீங்கள் இல்லை.