அன்று நான் சொன்ன அடையாளம்

பாய்,

நேற்று உங்கள் நாற்பதாம் நாள் பாத்தியா முடிந்து கிளம்பும்போது உங்கள் மகள் ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தாள். "அத்தா உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு ஆன்ட்டி. கடையில கெடந்தா எவனாவது எடுத்துட்டுப் போயி தக்காளி விப்பான்னாரு." வீட்டுக்கு வந்து பிரித்தேன். உங்கள் கைமைக். வாய் வைத்துப் பேசும் இடத்தில் இன்னும் கிராம்பு வாசனை அடிக்கிறது.

தொண்டை கட்டாமல் இருக்க எப்போதும் கடைவாயில் ஒரு கிராம்பை அடக்கி வைத்திருப்பீர்கள். வாயில் எதையாவது வைத்துக்கொண்டு பேசுவது மரியாதையில்லை என்று கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை உங்களிடம் பல முறை சொன்னேன். நீங்கள் ஒரு முறைகூட மறுத்துப் பேசவில்லை. கிராம்பை மறுபக்கக் கன்னத்துக்கு மாற்றிக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

நம் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. செங்கம் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெருவின் முனையில் நீங்கள் மைக் செட் கடை வைத்திருந்தீர்கள். பௌர்ணமி வந்தால் விடிவதற்குள் உங்கள் குழாய் ஸ்பீக்கர் அலற ஆரம்பித்துவிடும். நான் நகராட்சிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். ஒரு வாரம் கழித்து அதன் நகலோடு எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றீர்கள்.

"மனு ரொம்ப நல்லா இருக்குதும்மா. படிச்சிட்டு எனக்கே கடைய மூடிடலாம்னு தோணுச்சு."

நான் சிரிக்கவில்லை. நீங்கள் தொடர்ந்தீர்கள். "பாட்டை நிறுத்திடறேன். காணாம போனவங்களக் கூப்பிடறத மட்டும் விட்டுடுங்க. அது இல்லன்னா சில பேரு வீடு போய்ச் சேர மாட்டாங்க."

சுருக்கமாக இருந்தால் ஆட்சேபம் இல்லை என்று கேட்டின் கம்பிகளுக்கு நடுவே சொல்லி அனுப்பினேன்.

கிரிவலக் கூட்டத்தில் மனிதர்கள் எப்படித் தொலைகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கும்பிடக் கை கூப்பும் நேரத்தில் குழந்தையின் கை நழுவிவிடுகிறது. கிராமத்திலிருந்து வந்த கிழவிக்கு எந்தப் பேருந்தில் வந்தோம் என்பது மறந்துபோகிறது. போலீஸ் பந்தல் ஒன்று இருந்தது. உங்கள் ஏற்பாடு அதற்கு வெளியே இருந்தது. பாதையில் உள்ள எட்டு லிங்கங்களுக்கும் எட்டு ஆட்கள், எல்லோரும் அங்கேயே பிழைப்பவர்கள். இளநீர் விற்பவர், தேங்காய் உடைத்த ஓடு அள்ளும் அம்மாள், பூக்காரி, அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் ஏழுமலை. யாராவது தொலைந்தால் உங்களிடமிருந்து எட்டு பேருக்கும் போன் போகும்.

வீட்டாரிடம் நீங்கள் முதலில் கேட்பது பெயரை அல்ல, காலில் என்ன இருந்தது என்பதைத்தான். "எல்லாரும் வெறுங்கால்ல நடக்கற பாதை இது. செருப்புக்காலு தனியாத் தெரியும்" என்பீர்கள்.

நான் உங்கள் கடைப்படி ஏறிய அந்தக் காலையும் பௌர்ணமிதான்.

என் கணவர் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்துக்காக வராந்தாவில் ஆட்கள் காத்திருந்த காலம் உண்டு. அந்தக் காலைக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக அவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. உறவினர் கேட்டால் ஓய்வெடுக்கிறார் என்பேன். தினமும் காலையில் வெள்ளை முழுக்கைச் சட்டையும் சாம்பல் நிறப் பேண்டும் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, அலுவலகம் கிளம்புகிறவர் போல முன்னறையில் உட்கார வைப்பேன். தெருவில் போகிறவர்கள் வணக்கம் சொல்வார்கள். அவரும் தலையசைப்பார்.

அன்று சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தபோது கேட் திறந்திருந்தது. இட்லி தட்டில் அப்படியே இருந்தது.

மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் நடந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் எனக்கு இரண்டு முறை சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் முதல் ஒரு மணி நேரம் நான் யாரிடமும் போகவில்லை. கையில் குடையோடு, சும்மா நடக்க வந்தவள் போல நான்கு தெருக்களைச் சுற்றினேன். எதிரில் வந்தவர்களைப் பார்த்துப் புன்னகையும் செய்தேன். பிறகுதான் உங்களிடம் வந்தேன்.

"காலுல என்னம்மா?"

"கறுப்பு ஷூ. வெள்ளை முழுக்கைச் சட்டை. சாம்பல் நிறப் பேண்ட்."

இனிஷியலோடு முழுப் பெயரையும் வகித்த பதவியையும் சொன்னேன். நீங்கள் அப்படியே அறிவித்தீர்கள். எட்டு போன்களும் போயின.

உண்மையில் அவர் போனது படுத்து எழுந்த கோலத்தில். வெளுத்துப்போன நீலக்கட்டம் போட்ட லுங்கி, பனியன், குளியலறை வாசலில் நான் விட்டிருந்த என்னுடைய ரோஸ் நிற ரப்பர் செருப்பு. செருப்பு அங்கே இல்லை என்பதைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கோலத்தை நீங்கள் ஊருக்கெல்லாம் மைக்கில் சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பத்து மணியாயிற்று. பதினொன்றாயிற்று. ஒரு செய்தியும் இல்லை. போட்டோ ஒன்று வேண்டும் என்று நீங்களே வீட்டுக்கு வந்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரி என்னோடு இருந்தாள். வாசலில் செருப்பு விடக் குனிந்தீர்கள். அங்கே ஸ்டாண்டில் அவருடைய கறுப்பு ஷூ பாலிஷ் மின்ன இருந்தது. அவரிடம் அது ஒரு ஜோடிதான். நீங்கள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்று சமையலறை வாசல் வரை என் பின்னால் வந்தீர்கள். தண்ணீரை வாங்கி, குடிக்காமல், மெதுவாகச் சொன்னீர்கள்.

"எல்லா வீட்லயும் மொதல்ல போட்டோவுல இருக்கறவரத்தான் சொல்லுவாங்க. அது ஒண்ணும் தப்பில்ல. இப்ப வீட்ல இருக்கறவரச் சொல்லுங்க."

சொன்னேன். லுங்கி, பனியன், செருப்பு, அதன் நிறம்.

"எப்படிக் கூப்பிட்டா திரும்புவாரு?"

"தம்பு" என்றேன். "அவருடைய அக்கா அப்படிக் கூப்பிடுவார்." என் வாயால் அந்தப் பெயரை அதற்கு முன் நான் சொன்னதே இல்லை.

கடைக்குப் போய் மைக்கை எடுத்தீர்கள். நான் கேட்டருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "காலையில நான் சொன்ன அடையாளம் தப்புங்க. அம்மா சரியாத்தான் சொன்னாங்க, என் காதுல மாறி விழுந்துடுச்சு. எல்லாரும் மன்னிக்கணும்." சரியான அடையாளத்தைச் சொல்லிவிட்டு, கூட்டத்தை விட்டு அவரிடமே பேச ஆரம்பித்தீர்கள். "தம்பு, எங்க இருந்தாலும் அங்கயே உக்காருங்க. காலு வலிச்சிருக்கும். வீட்லேந்து வந்துட்டே இருக்காங்க."

பக்கத்து வீட்டுக்காரி, "இந்தப் பாய்க்குக் காது இப்படியா போவும், மூணு மணி நேரம் வீணாப் போச்சே" என்றாள். நான் பேசாமல் இருந்தேன்.

எட்டு பேருக்கும் மறுபடி போன் செய்தீர்கள். பிறகு ஆட்டோவில் ஊரைச் சுற்றிக்கொண்டு குபேர லிங்கம் வரை போனோம். அங்கிருந்து பாதையில் எதிர்த்திசையில் நடக்கலாம் என்றீர்கள். மலையை இடது கைப்பக்கம் வைத்து நடக்க மாட்டேன் என்று அந்த நிலையிலும் நான் சண்டை போட்டேன்.

"கூடவே நடந்தா முதுகுதாம்மா தெரியும். எதிர்ல போனாத்தான் மொகம் தெரியும். மலை கோச்சிக்காது, வாங்க."

நடந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். ஒரு அம்மாள், "படிச்சவங்களாட்டம் இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா" என்று என் தோளை இடித்துவிட்டுப் போனாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஆயிரம் முகங்களை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பாதி வழியில் ஏழுமலையின் போன் வந்தது. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டீர்கள். "பாய், ரோஸ் செருப்பு நம்ம பெஞ்சுலதான் இருக்குது. கை நடுங்குச்சு, சர்க்கரை ஜாஸ்தியா போட்டு டீ குடுத்தேன். டீயில தூள் கம்மின்னு திட்டறாரு."

நீங்கள் சாலையோரம் உட்கார்ந்துவிட்டீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டது நான் பார்க்கக் கூடாது என்று செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினீர்கள்.

டீக்கடைக்கு நாம் போனபோது ஏழுமலை என்னிடம் வந்தார். "ஒரு மணி நேரமா எதிர்ல அந்தப் புளியமரத்தடியிலதாம்மா இருந்திருக்காரு. ஷூ போட்டவரையே தேடிட்டு இருந்தேனா, இவர விட்டுட்டேன். மயக்கமா சாஞ்சுட்டாரு. இன்னும் கொஞ்சம் போயிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். உங்களைப் பார்த்து, "ஏன் பாய், காதுக்கு ஒரு மைக் வெச்சுக்கக் கூடாதா" என்றார். நீங்கள் காதைத் தடவிக்கொண்டு சிரித்தீர்கள்.

என் கணவரைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை, "லுங்கியை இப்படியா கட்டுவது?" என்பது. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு உங்களிடம் திரும்பி, "இந்த அம்மா யாரு?" என்றார்.

"உங்களத் தேடிட்டு வந்தவங்க."

"அப்படியா. பாவம், வெயில்ல வந்திருக்காங்க. அவங்களுக்கும் ஒரு டீ சொல்லுங்க."

அந்த டீயை அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தேன். அவ்வளவு தித்திப்பாக அதற்குப் பிறகு நான் எதையும் குடித்ததில்லை.

அவர் அதன்பின் ஒன்றரை ஆண்டு இருந்தார். லுங்கியிலேயே இருந்தார். முன்னறையில் உட்கார வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். அடுத்த பௌர்ணமிக்கு அவரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பேனாவோடு உங்கள் கடைக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டீர்கள். அடையாளம் எழுதும் வேலை என்னுடையதாயிற்று. பதறி வருகிறவர்களை இரண்டு முறை சொல்ல வைப்பேன். "அம்மா போலீஸவிடக் கறாருப்பா" என்று அவர்களைச் சமாதானப்படுத்துவீர்கள். அப்படி ஒன்பது வருடம். பெரும்பாலும் கிடைத்தார்கள். கிடைக்காத இரண்டு பேரின் வீட்டுக்கு ஒவ்வொரு மாதமும் நீங்கள் போய் வந்தது உங்கள் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த ஒன்பது வருடமும் ஏழுமலை உங்கள் காதைக் கிண்டல் செய்தார். இளநீர்க்காரர், பூக்காரி, எல்லோரும் செய்தார்கள். "சத்தமா சொல்லுங்கம்மா, பாய்க்கு ஷூன்னா செருப்பு, செருப்புன்னா ஷூ." நீங்கள் காதைத் தடவிக்கொள்வீர்கள். நான் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். ஊரில் யார் தப்பு செய்தாலும் அந்த இடத்திலேயே திருத்துகிறவள் நான். இதை ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. ஒரு நாள் துணிந்து, "பாய், அன்றைக்கு" என்று ஆரம்பித்தேன். "அந்தப் பொண்ணு ரொம்ப நேரமா நிக்குது, என்னான்னு கேளுங்கம்மா" என்று நகர்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்கு உங்களைப் பார்க்க வந்தபோதும் அதே பேச்சை எடுக்க நினைத்தேன். மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவரிடம் என் பாரத்தை இறக்கக் கூடாது என்று திரும்பி வந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று ஓதி முடித்து எல்லோரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தோம். உங்கள் மாப்பிள்ளையின் ஆட்கள் ஆம்பூரிலிருந்து வந்திருந்தார்கள். உங்களைப் பற்றிச் சொல்லும்படி ஏழுமலையைக் கேட்டார்கள். அவர் அந்தக் கதையைத் தொடங்கினார். "எல்லாம் சரி, நம்ம பாய்க்குக் காது மட்டும் அன்னிக்கு..."

நான் எழுந்து நின்றேன்.

"பாய் காதில் சரியாகத்தான் விழுந்தது. பொய் சொன்னது நான். என் கணவர் லுங்கியில் போனதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பாய் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். நான் பேசாமல் இருந்துவிட்டேன்."

உங்கள் மகள் தரையைப் பார்த்தாள். ஏழுமலைதான் வாயைத் திறந்தார்.

"உக்காருங்கம்மா. அன்னிக்கே தெரியும்."

"எப்படி?"

"பின்னால நடந்து வர்ற செருப்புச் சத்தத்த வெச்சு வர்றது யாருன்னு சொல்றவரும்மா அவரு. அவருக்கா காது மாறி விழும்?"

"தெரிந்துமா இத்தனை வருஷம் அவரைக் கிண்டல் செய்தீர்கள்?"

"பின்ன என்ன பண்றது? கிண்டல விட்டுட்டா எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. அப்பறம் கடைப்படி ஏறுவீங்களா? விடாம ஓட்டுங்கடான்னு சொன்னதே பாய்தான்."

பூக்காரி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சற்று நேரத்தில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவர்களுக்கு அது அவ்வளவு சின்ன விஷயமாக இருந்திருக்கிறது.

இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன், பாய். தொலைந்தவர்களைத் தேடுவதே வேலையாக வைத்திருந்த எட்டுப் பேருக்கு நான் எங்கே ஒளிந்திருக்கிறேன் என்பது முதல் நாளே தெரிந்திருக்கிறது. நானாக வெளியே வரட்டும் என்று ஒன்பது வருடம் விட்டு வைத்திருக்கிறீர்கள். என்னைவிடக் கறாரானவர்கள் நீங்கள்தான்.

வரும் பௌர்ணமிக்குக் கடையை உங்கள் மகள் திறக்கிறாள். நானும் போகிறேன். வெட்கத்தில் யாராவது அடையாளத்தை மாற்றிச் சொல்லத்தான் செய்வார்கள். பட்டுப்புடவை என்பார்கள், மூக்குக்கண்ணாடி என்பார்கள். உண்மை வரும் வரை காத்திருப்பேன். வந்த பிறகு, தப்பு என் காதில்தான் என்று மைக்கில் சொல்லிவிடுவேன். எழுபத்தேழு வயதுக்காரி சொன்னால் எல்லோரும் நம்பவும் செய்வார்கள்.