முள்ளுக்காய்க்குள் இருந்தது பூச்சி, அம்மா

என் உயிரே, அம்மா,

செடி நர்சரியில் உன் வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன். ஒன்பதாவதோடு படிப்பு நின்றவளுக்கு இது பிடித்திருக்கிறது. வாய்தான் இன்னும் திறப்பதில்லை. நாற்றுப் பையில் மண் நிரப்ப வாய் எதற்கு?

இன்று உனக்கு ஒரு சேதி இருக்கிறது. குழாயடிக் கோங்கு மரம் நினைவிருக்கிறதா? கிளையெல்லாம் முள்ளு முள்ளாய் உருண்டைக் காய். இரண்டு வருடம் அதைப் பறித்து விதைத்தாய். ஒன்றும் முளைக்கவில்லை. "ஏனம்மணி, முள்ளுக்காய்ப் புள்ளை எப்பப் பொறக்கும்?" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசினார்கள். நீயும் சிரித்தாய். அதற்குப் பிறகு எந்த விதையையும் நீ தொடவில்லை. "என்ற கை ராசி போயிருச்சு கண்ணு" என்றாய். அந்த நினைப்போடேயா கண்ணை மூடினாய்?

போன மாதம் முதலாளி, அது மலட்டு மரம், வெட்டிவிடலாம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு காயைக் கத்தியால் பிளந்து பார்த்தேன். உள்ளே பருப்பே இல்லை. காலோ இறக்கையோ இல்லாத ஒரு பூச்சி, சின்னப் பை மாதிரி ஒட்டியிருந்தது.

கன்று வாங்க வந்த, மரங்களைப் பற்றிப் படிக்கிற ஓர் அக்காவிடம் அதைக் காட்டினேன். செதில் பூச்சியாம். நம் செம்பருத்தியில் வருமே மாவுப்பூச்சி, அதற்குத் தூரத்துச் சொந்தம். இது உட்கார்ந்து சாறு குடிக்கிற இடத்தில், மரமே சுற்றிலும் காய் மாதிரி ஒரு முள் வீடு கட்டிக் கொடுத்துவிடுமாம். இந்தக் குடும்பத்துப் பூச்சிகள் கோங்கு மாதிரிச் சில மரங்களைத் தவிர வேறெதிலும் தங்காதாம்.

அப்படியானால் நிஜ விதை எது? இரண்டு நீள இறக்கை வைத்தது என்றார் அந்த அக்கா. அம்மா, முறத்தில் புடைத்துப் புடைத்துச் சருகென்று நாம் தள்ளியது அதைத்தானே?

மரத்தடியில் புதிதாக விழுந்திருந்த இறக்கை விதைகளைப் பொறுக்கி உன் பாத்தியிலேயே போட்டேன். பிறகு முதலாளியிடம் நானே போனேன். நம்புவாயா?

"ஏனுங்க, கொஞ்ச நாள் பொறுங்க. மரமும் மலடு இல்லீங்க, எங்கம்மா கையிலயும் குத்தமில்லீங்க."

அவர் மரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "உனக்குப் பேசக்கூட வருமா அம்மணி?" என்றார். ஆனால் பொறுத்தார்.

இன்று காலை உன் பாத்தி நெடுக முளை தள்ளி மண் வெடித்திருக்கிறது. முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, வெட்ட வருகிற ஆளை வரவேண்டாம் என்று போனில் சொன்னார். கேலி பேசியவர்களையும் கூட்டிப்போய்க் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

என் விரல்கள் அப்படியே உன்னுடையவை என்பார்கள். இனி இங்கே எந்தப் பாத்திக்கும் முதல் விதையை இந்த விரல்கள்தான் போடும். பிளந்து பார்க்காமல் எதையும் சருகென்று தள்ளவும் மாட்டேன்.

உன் கையே வாய்த்த மகள்,
பவி